அரைச் சுற்று

அந்தத் தீவில் எல்லாமே துருப்பிடிக்கும். ஜன்னல் கொக்கி, குடைக்கம்பி, சேஃப்டி பின், சாவிக்கொத்து, கதவுக் கீல் எதையும் உப்புக் காற்று விட்டுவைக்காது. வந்து இறங்கிய நாலாவது மாதம் டெய்லரம்மா துணியில் சுற்றிப் பெட்டியடியில் வைத்திருந்த தன் கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் கையில் பழகியது. இரண்டு அலகும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிரிய மாட்டேன் என்றன. அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். புருஷன்காரர் அதை வாங்கி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சாயங்காலத்துக்குள் சரிபண்ணிக் கொடுத்தார். கொடுத்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இந்தா. இனிமே இதை வெச்சு எதை வெட்டப்போறே, கோழியையா?" என்றார்.

அவருக்கு ஐஸ்காரர் என்று பெயர். ஐஸ் விற்றவர் இல்லை. மீனும் உருளைக்கிழங்கும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் முப்பத்தைந்து வருஷம் இயந்திரம் பார்த்தவர். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போது உள்ளே கம்பளிக் கோட்டும் காதுத்தொப்பியுமாக நிற்பார். மூச்சு புகையாக வரும். கடைசிப் பத்து வருஷத்தில் அந்தக் குளிர் நெஞ்சில் போய்க் குடியேறிவிட்டது. மழைக்காலம் வந்தால் ஆஸ்பத்திரி, பனிக்காலம் வந்தால் மூக்கில் குழாய். இரண்டு பனிக்காலம் டெய்லரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சை எண்ணியிருக்கிறாள். இன்னொரு பனிக்காலம் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

கிடங்கின் கம்ப்ரஸர் அறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. தென்னை மரம், வெள்ளை மணல், நீலக் கடல். அதன் வருஷம் முடிந்து ஒன்பது வருஷம் ஆகியும் அவர் அதைக் கழற்றவில்லை. ஓய்வு பெற்ற அன்று அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அங்கேதான் போகப்போகிறோம் என்றார். டெய்லரம்மா விளையாட்டு என்று நினைத்தாள். மனுஷன் ஆறு மாதத்தில் வீட்டை விற்று, அனுமதி வாங்கி, டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

"அப்பா, அங்க போய் என்னதான் பண்ணப் போறீங்க?" என்று மகள் கேட்டாள்.

"காயப் போறேன்" என்றார். "முப்பத்தஞ்சு வருஷமா ஊறினவன் இல்லையா?"

டெய்லரம்மாவுக்குத் தீவு பிடிக்கவே இல்லை. வியர்வையும் கொசுவும் போதாதென்று, நாலு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் கொட்டும் மழை வேறு. முகம் தெரியாத தெரு. பேச்சு என்னவோ ஒன்றுதான். ஆனால் பேச்சு ஒன்று என்பதால் மனிதர்கள் சொந்தமாகிவிடுவார்களா? வந்த அன்றைக்கே திரும்பிப் போகத் தயாராக இருந்தாள். ஆனால் முதல் வாரத்திலேயே அவர் குறட்டைவிட்டுத் தூங்கினார். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவள் தன் ஆசையை வெளியே எடுக்கவில்லை.

குடியிருப்பு அனுமதி வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டியது. அதில் ஒரு நிபந்தனை தடித்த எழுத்தில் இருந்தது. ஓய்வுபெற்று வந்து குடியிருப்பவர் கூலி வாங்கியோ வாங்காமலோ எந்தத் தொழிலும் செய்யக் கூடாது. டெய்லரம்மா அதை மூன்று தடவை படித்தாள். படித்துவிட்டுத்தான் தன் தையல் மெஷினைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். தெருக்கோடி மீன்காரம்மா ஒரு ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து, "அண்ணி, இதைக் கொஞ்சம் தெச்சுக் குடுங்களேன்" என்று கேட்டபோது முடியாது என்று திருப்பி அனுப்பினாள். தெருவில் அவளுக்குத் தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? ஐஸ்காரர் சாய்வு நாற்காலியில் ஐந்து மாதம் காய்ந்தார். ஆறாவது மாதம் மீன்காரம்மாவின் ஃப்ரீசர் பெட்டி படுத்துவிட்டது. ஒரு கூடை மீன் வெயிலில் கிடக்க, அவள் தெருவில் நின்று புலம்பினாள். இவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். அவ்வளவுதான், அப்புறம் உட்காரவே இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் வீட்டு ஃப்ரிட்ஜ், டீக்கடையின் பால் பெட்டி, மருந்துக்கடையின் கண்ணாடி ஃப்ரிட்ஜ் என்று வரிசை கட்டி வந்தன. பின்வராந்தா பட்டறை ஆனது. ஒரு பைசா வாங்கமாட்டார். பப்பாளியும் மீனும் தேங்காயும் வாசல்படியில் தானாக வந்து உட்காரும். அவர் தெருவில் நடந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். டெய்லரம்மா தன் கத்தரிக்கோலை மறுபடி துணியில் சுற்றி வைத்தாள். அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதை ஒளிப்பானேன்?

"சட்டம்னு ஒண்ணு இருக்குங்க" என்பாள்.

"நான் என்ன கடையா போட்டிருக்கேன்? கை சும்மா இருக்கமாட்டேங்குது, செய்யறேன்."

"என் கை மட்டும் சும்மா இருக்கே."

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார்.

இரண்டாவது வருஷம் அனுமதி புதுப்பிக்க வேண்டிய சமயத்தில் கடிதம் வந்தது. தாங்கள் நிபந்தனையை மீறித் தொழில் செய்வதாக மனு வந்திருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் விசாரணை, மெய் என்று தெரிந்தால் முப்பது நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். டெய்லரம்மா வாய்விட்டுப் படித்தாள். ஊரில் அப்போது பனிக்காலம் தொடங்கப் போகிற மாதம். வீடு வேறு ஒருவர் பேரில் இருந்தது. மகள் புகுந்த வீட்டில் இரண்டு அறைக்குள் ஐந்து பேரோடு இருந்தாள்.

ஐஸ்காரர் அப்போது மீன்காரம்மாவின் ஃப்ரீசர் பெட்டியைத்தான் மறுபடி பிரித்துப் போட்டிருந்தார். பின்பக்கக் குழாய் துருவில் ஓட்டை விழுந்திருந்தது.

"இதை அப்படியே மூடி அனுப்பிடுங்க" என்றாள்.

"எடுத்த வேலையைப் பாதியில விடறதா? இது ஒண்ணு மட்டும். முடிச்சுட்டு நிறுத்திடறேன்."

"ஒண்ணு மட்டும் ஒண்ணு மட்டும்னுதானே இவ்வளவு தூரம் வந்திருக்கு."

மனு போட்டது யார் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவன் இருந்தான். ஐஸ்காரர் வருவதற்கு முன் இந்தத் தெரு முழுவதும் அவன் கையில்தான் இருந்தது. மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டெய்லரம்மா அவனைத் தேடிப் போனாள்.

தகரக் கூரை போட்ட பட்டறை. கதவில்லாத ஃப்ரிட்ஜுகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நின்றன. பழுது பார்க்க வந்தது ஒன்றுகூட இல்லை, எல்லாம் உதிரிப் பாகத்துக்காகப் பிரித்துப் போட்டவை. ஒரு மூலையில் அவன் பெண்டாட்டி கை மெஷினில் பள்ளிக்கூடப் பாவாடைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். டெய்லரம்மாவைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"மனு போட்டது நான்தான் அக்கா. மறைச்சு என்ன ஆகப்போகுது. உக்காருங்க."

திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த சொற்கள் அவளுக்கு அப்படியே நின்றுபோயின.

"அவர் காசு வாங்கறதில்லையே தம்பி."

"அதான் அக்கா வினையே. காசு வாங்கினா நான் சமாளிச்சுக்குவேன். அவர் நூறு கேட்டா நான் எண்பது கேப்பேன். சும்மா செய்யறவரோட எப்படிப் போட்டி போடறது? சும்மாவுக்குக் கீழ என்ன இருக்கு?"

"இனிமே தொடமாட்டார். நான் சொல்றேன்."

"நீங்க சொல்வீங்க. அவரும் சரின்னுவார். பத்து நாள் போகும். அப்புறம் பின்வாசல் வழியா ஒருத்தர் வருவார், ஐயா நீங்க தொட வேணாம், பக்கத்துல நின்னு சொன்னாப் போதும்பார். அவருக்குப் பொறுக்குமா? தானமா வர்ற மாட்டை யாரு அக்கா பல்லைப் பிடிச்சுப் பாக்கப் போறாங்க? அதுவும் அவர் குடுக்கறது பாலு கறக்கற மாடு."

அவன் பேச்சில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் டெய்லரம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவரால அங்க மூச்சு விட முடியாது தம்பி. திரும்பிப் போனா செத்துடுவார். வாய் வார்த்தைக்குச் சொல்லலை."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். மெஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டெய்லரம்மாவின் கண் தன்னையறியாமல் அந்தத் துணிக்குப் போனது. மேல்பக்கம் தையல் சரியாக இருந்தது. அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. ஒரு சலவைக்குத் தாங்காது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், "கொஞ்சம் நிறுத்தும்மா" என்று சொல்லி, மெஷினின் முகத்தில் நூலைப் பிடித்திருந்த திருகை விரல்நுனியால் அரைச் சுற்று முடுக்கினாள். "இப்ப அடி." அந்தப் பெண் அடித்தாள். நூல் இரண்டு பக்கமும் படிந்து உட்கார்ந்தது. அவள் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா?" என்றான் மெக்கானிக். "சட்டத்தைப் படிச்சவங்க நீங்க. உங்களாலேயே முடியலை."

டெய்லரம்மா திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அப்ப நான் என்னதான் செய்யணுங்கறே?"

அவன் எதிரே வந்து குந்தினான். "ஜனங்க அவரைத் தேடி வர்றது நிக்கணும். சட்டம் சொன்னா நிக்காது. அவர் கை பட்டா கெட்டுப்போகுதுன்னு தெரிஞ்சாத்தான் நிக்கும். ஒரே ஒரு சாமான் அவர் கையால கெடட்டும் அக்கா. நானே ஆபீசுக்கு வந்து மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்."

"கையை வெட்டிக்கச் சொன்னாலும் வெட்டிக்குவார். இதைச் செய்யமாட்டார்."

"தெரியும். அவர் வேலையை நான் பிரிச்சுப் பாத்திருக்கேன். பத்தவெச்ச இடம் கண்ணுக்கே தெரியாது. அப்படி ஒரு கை எனக்கு வராது." ஸ்டூலைத் துடைத்த துணியை உதறினான். "அதுக்கு மேல உங்க வீட்டு விஷயம்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஃப்ரீசர் பெட்டி முடிந்தது. புதுக் குழாயைப் பற்றவைத்து, காற்றை இழுத்து, கேஸ் ஏற்றி, இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். கடைசியில், கேஸ் ஏற்றிய வால்வைச் சிறு சாவியால் இறுக்கி, அதன் மேல் பித்தளை மூடியைப் போட்டார். சைக்கிள் ட்யூப் வால்வு போல ஒன்றுதான் அதுவும். கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்டார். அவர் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தைக் காலண்டர் படத்துக் கடலுக்கு முன்னால் நின்றபோதுகூட டெய்லரம்மா பார்த்ததில்லை.

"பத்து வருஷத்துக்கு இதுல யாரும் கை வெக்க வேண்டாம்" என்றார். "கடைசி வேலை. நல்லா அமைஞ்சிடுச்சு."

சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் படுத்தார். டெய்லரம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். வாசற்படியில் நின்று அவர் மூச்சைக் கேட்டாள். நூல் இழுத்தாற்போல் சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. இந்த மூச்சுக்குத்தானே எல்லாம் என்று நினைத்துக்கொண்டாள். வராந்தாவுக்குப் போய்ப் பித்தளை மூடியைக் கழற்றினாள். சிறு சாவியை உள்ளே விட்டு, எதிர்ப்பக்கமாக அரைச் சுற்றுத் திருப்பினாள். காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்கு ஒரு சத்தம் வந்தது. மூடியைத் திரும்பப் போட்டாள்.  இருபத்தெட்டு வருஷம் ஊசிக்காதில் நூல் கோத்த கை அது. நாலு மணிக்கு மழை வந்தது. டீ போட்டு அவரை எழுப்பினாள்.

அன்று சாயங்காலமே ஆட்கள் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். புதன்கிழமை முழுதும் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை காலையில் மீன்காரம்மா வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வாடை வந்தது.

"ரெண்டு நாள் மீனு அண்ணே. எல்லாம் போச்சு."

ஐஸ்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடினார். டெய்லரம்மாவும் பின்னாலேயே போனாள். பெட்டி உள்ளே வெதுவெதுவென்றிருந்தது. அவர் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே வந்தார். பித்தளை மூடியைக் கழற்றி அங்கே தடவியதும், மிச்சம் மீதி இருந்த கேஸில் ஒரே ஒரு குமிழி மெல்லப் பருத்து வெடித்தது. அவர் சாவியை விட்டுப் பார்த்தார். அரைச் சுற்று உள்ளே போனது.

குந்தியிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முடுக்கலை" என்றார். "நான்தான் முடுக்கலை."

"விடுங்க அண்ணே" என்றாள் மீன்காரம்மா. அவள் ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்பை அணைச்சேன்பார், எரிஞ்சுக்கிட்டு இருக்கும். வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே."

ஐஸ்காரர் முன்னால் நடந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றார்.

"எனக்கு முடுக்கின ஞாபகம் இருக்கு. விரல்ல இன்னும் இருக்கு. ஆனா முடுக்கலையே. நீ அங்கதான நின்னுட்டிருந்தே. நான் முடுக்கினேனா?"

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. சொன்னால் அவர் கை அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். நாளைக்கே போய் அதிகாரி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, ஆமாம் செய்தேன் என்று சொல்லிவிடுவார். அந்த நெஞ்சுக்குள் அடுத்த பனிக்காலம் பூனைக்குட்டி வந்து உட்காரும்.

"நான் கவனிக்கலைங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி கிரீச்சிட்டது. மெக்கானிக் எழுந்து நின்று, தான் தப்பாக நினைத்துவிட்டதாகவும், பெரியவர் ஏதோ பொழுது போகாமல் சாமானைப் பிரித்துப் பார்க்கிறார், அவ்வளவுதான் என்றும் சொன்னான். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாட்சிக்கு வந்த மீன்காரம்மா தன் மீன் கெட்டுப்போன கதையைச் சொன்னாள். நல்லதுக்காகத்தான் சொன்னாள். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரியாச் செஞ்சிருந்தா அது தொழில். கெடுத்து வெக்கறதைத் தொழில்னு எப்படி எழுதறது?" என்று சொல்லிக்கொண்டே, பொழுதுபோக்கு என்று எழுதி முத்திரை குத்தினார். "பெரியவரே, இனிமே பேசாம கடற்கரையில போய் உக்காருங்க."

"சரிங்க" என்றார் ஐஸ்காரர்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். டெய்லரம்மா அனுமதித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். அவர் தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ தொலைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பின்வராந்தாவுக்கு ஒன்றும் வரவில்லை. தெருவில் எல்லோரும் அவரிடம் அன்பாக இருந்தார்கள். கொஞ்சம் சத்தமாகப் பேசினார்கள். படி இறங்கினால் கையைப் பிடித்தார்கள். டீக்கடைக்காரர் அவர் கண்ணெதிரிலேயே பால் பெட்டிக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கூடப் பாவாடைகள் சந்துப் பட்டறையைவிட்டுப் போய்விட்டன என்று டெய்லரம்மா கேள்விப்பட்டாள். மெக்கானிக்கின் பெண்டாட்டிக்கு இனி தைத்துச் சம்பாதிக்க அவசியம் இல்லையாம்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு காலையில் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜே நின்றுபோனது. டெய்லரம்மா சந்தோஷப்பட்டாள். சொந்த வீட்டுச் சாமானைத் தொட எந்தச் சட்டமும் தடுக்காது.

"பாருங்களேன்" என்றாள்.

"அந்தத் தம்பியைக் கூப்பிடு."

மெக்கானிக் வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். ஐஸ்காரர் நாற்காலியில் தள்ளியே உட்கார்ந்திருந்தார். பாதி வேலையில் அவன், "ஐயா, இந்த ரிலே போயிருக்கா, இல்ல வயரான்னு பிடிபடலை. ஒரு பார்வை பாருங்களேன்" என்றான். அவனுக்குப் பிடிபடாமல் இல்லை. டெய்லரம்மாவுக்கே தெரிந்தது.

"நீ செய்தா சரியா இருக்கும் தம்பி" என்றார் அவர்.

வாசல் கேட்டுக்கு வந்தபோது மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான். "அவருக்குத் தெரிஞ்சே நடந்ததுன்னு நினைச்சேன் அக்கா. மீன்காரம்மா பெட்டிக்கு நான்தான் அப்புறம் கேஸ் ஏத்தினேன். தானாத் தளர்ற வால்வு இல்ல அது. சொல்லிடலாம் அக்கா. நான் இனிமே மனு எல்லாம் போடமாட்டேன்."

"நீ போடமாட்டே தம்பி. மனு பயம் போயிடும். அவர்கிட்ட சொல்லிட்டு நான் எங்க போறது?" என்றாள்.

அவன் பைக்குள் சாமான்களைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

அவள் உள்ளே வந்தாள். ஐஸ்காரர் கை கழுவிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இதுவும் இப்போது தினம் நடப்பதுதான். அடுப்பு, தாழ்ப்பாள், மருந்துப் புட்டி என்று எதை மூடினாலும் அவளைக் கூப்பிடுவார்.

"இங்க வந்து பாரு. குழாயை மூடினேனா?"

"மூடியிருக்கீங்க."

"தொட்டுப் பாரு."

அவள் திருகின் மேல் கையை வைத்தாள். ஒரு சொட்டு இல்லை. அவள் பலம் முழுவதும் கொடுத்தாலும் அசையாத அளவுக்கு இறுக்கியிருந்தார். ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனம் சமாதானமாகட்டும் என்று, முடுக்குவதுபோல் கையை அரைச் சுற்று அதன் மேல் வழுக்கிவிட்டு எடுத்தாள்.

"இப்ப சரியா?" என்று கேட்டார்.

"இப்ப சரியா இருக்குங்க."

"நல்லவேளை, நீ கூட இருக்கே" என்றார்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய் வெயில் விழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.